தொடுதிரைச் சின்னக் கமரா நம்ம மலைநாட்டு மழைக்கு ஒத்துவருமா? (ஒரு மாசப் பாவனைக்குப் பிறகு)

கொழுந்துக்கூடை | சனி, இரவு 8.10

வணக்கம். கையடக்கத் தொடுதிரைக் கமரா ஒன்று வாங்கலாமா என்று போன மாசம் கேட்டிருந்தேன். ஏழு பேர் ஏழு விதமா சொன்னீங்க. நான் ஒரு முடிவுக்கு வர முந்தியே, டுபாயிலிருந்து லீவுல வந்த மாமா மகன் தான் பாவிச்சதைக் கையில தந்துட்டு "வச்சுக்க மச்சான்" என்று போயிட்டான். ஓசியில வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் பார்த்தேன்.

கம்பெனிப் பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அந்தச் சண்டைதான் ஓடும். 1 அங்குல சென்சர், 20 மெகாபிக்சல், 3 அங்குலத் தொடுதிரை. திரையை மேல மடக்கலாம். கண்ணை வச்சுப் பார்க்கிற வியூஃபைண்டர் கிடையாது. எடை 300 கிராமுக்குக் கொஞ்சம் கூட. சட்டைப் பைக்குள்ள போகாது, ஜெக்கெட் பைக்குள்ள போகும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில படிப்பிக்கிறேன். விளையாட்டுப் போட்டி, பாடசாலை மலர், மாசியில காமன் கூத்து, இதுக்கெல்லாம் படம் வேணும். அதோட அம்மா இந்த வருஷத்தோட கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து நிக்கிறாங்க. அதுக்குள்ள தேயிலை மலையில வச்சு அவங்களை நாலு படம் ஒழுங்கா எடுக்கணும். உண்மையைச் சொன்னா கமரா ஆசையே அதுலதான் தொடங்கினது.

வெயில் நாளில இந்தத் திரை தங்கம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் நிக்கிற வகுப்புப் படத்தில கடைசி வரிசைச் சின்னவன் முகத்தைத் தொட்டா அங்கேயே ஃபோகஸ் உக்காருது. பட்டனை அமுக்கி அமுக்கிச் சதுரத்தை நகர்த்திக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

தூறல் விழுந்தாத்தான் கூத்து. ஒரு சொட்டுத் திரையில விழுந்தா, அதையும் விரல் என்று நினைச்சு ஃபோகஸ் சதுரம் அந்த மூலைக்கு ஓடுது. சட்டையால துடைச்சா, துடைக்கிறதையும் தொடுதல் என்று எடுத்துக்குது. தொட்டதும் படம் எடுக்கிற வசதி திறந்திருந்ததால முதல் நாளே என் செருப்பை மூன்று படம் எடுத்து வச்சிருக்கேன். இப்ப அந்த வசதியை நிறுத்திட்டேன்.

என்னைக் காப்பாத்தினது திரை இல்லை, மேல இருக்கிற, விரலால சுத்துற ஒரு சின்னச் சில்லு. ஒளியைக் கூட்டிக் குறைக்கிற சில்லு. மலையில மூட்டம் இறங்கினா கமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கிடும், கொழுந்து எடுக்கிற ஆட்கள் கரிக்கட்டை மாதிரி தெரிவாங்க. சில்லை +1க்குத் திருப்பினா மூட்டம் மூட்டமாத் தெரியுது. நனைஞ்ச கையாலயும் திருப்பலாம், பார்க்காமலும் திருப்பலாம்.

என் கணக்கு இதுதான்: தொடுதிரை வேணும், ஆனா "இந்த முகம்" என்று சுட்டிக்காட்ட மட்டும். மற்ற எல்லாத்துக்கும் பட்டனும் சில்லும் இருக்கணும். திரையை மட்டும் நம்பின கமராவை நுவரெலியா மாவட்டத்தில வாங்காதீங்க.

மற்றவங்க அனுபவம் எப்படி?


கொட்டகலைக் குட்டி | சனி, இரவு 8.31

சேர் செருப்புப் படத்தைப் போடுங்க


பழைய ஸ்டூடியோ | சனி, இரவு 10.05

ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் குறையும். ஹட்டனில் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். பிலிம் ரோல் கழுவிய கையால் இப்போது திரையைத் தடவுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடுதிரையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று அழுத்தத்துக்கு வேலை செய்வது. மேலே ஒரு மெல்லிய தாள், கீழே ஒன்று, இரண்டும் ஒட்டினால் அந்த இடம் தெரிந்துவிடும். நகத்தாலும் அழுத்தலாம், கையுறையோடும் அழுத்தலாம். மழைத்துளிக்கு அமுக்கும் பலம் இல்லை, ஆகவே அது பேசாமல் கிடக்கும். சோனி 2005இல் விட்ட என்1, 2007இல் 3.5 அங்குலத் திரையோடு வந்த டி200 எல்லாம் அந்தக் காலத்தவை. மற்றச் சாதி விரலின் மின்னூட்டத்தை உணர்வது. உங்கள் போன் எல்லாம் அதுதான், இன்றைய கமராக்களும் அதுதான். லேசாகத் தொட்டால் போதும், படமும் தெளிவாகத் தெரியும். ஆனால் தண்ணீரும் மின்சாரம் கடத்தும் அல்லவா, அதனால் துளிக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அந்த விஷயத்தில் பழையதுதான் நம்ம மழைக்குத் தோது. ஆனால் அதன் படத்தை இன்றைக்குப் பார்த்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

கெனன் தன் முதல் தொடுதிரைக் கமராவை 2009இல்தான் விட்டது, இக்ஸஸ் 200. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை 2012இல் தொடங்கியது. அந்த வரிசையில் தொடுதிரை வந்தது 2018இல், ஆறாவது மாதிரியில். அதுவரை ஐந்து மாதிரிகள் பட்டனோடேயே நன்றாக விற்றன. ஆகவே தொடுதிரை இல்லாவிட்டால் அது பழைய சரக்கு என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. போன் பழக்கத்தில் எல்லோரும் செய்கிற பிழை: முகத்தைத் தொட்டால் ஒளியும் அந்த முகத்துக்கு ஏற்றபடி மாறும் என்று நினைப்பது. போனில் மாறும். பல கமராக்களில் தொட்டால் ஃபோகஸ் மட்டும்தான் நகரும், ஒளி முழுச் சட்டத்துக்கும் சேர்த்தே அளக்கப்படும். பின்னால் வெள்ளை மூட்டம், முன்னால் கறுத்த முகம் என்றால் முகம் இருண்டுதான் வரும். ஸ்பொட் அளவையில் (ஒரு புள்ளியில் மட்டும் ஒளியை அளப்பது) போட்டு, அளக்கும் புள்ளியை ஃபோகஸ் புள்ளியோடு சேர்த்துவைக்க மெனுவில் வழி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அம்மாவின் முகத்தை ஒரு முறை தொட்டால் போதும்.

மூட்டத்தில் ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால் கமராவில் பிழை இல்லை. அது கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டைத் தேடுகிறது, மூட்டத்தில் கோடு ஏது? கூடையின் விளிம்பை, இடுப்பில் கட்டிய படங்கின் ஓரத்தைத் தொடுங்கள்.


நானுஓயா நிஷாந்தன் | ஞாயிறு, காலை 7.20

எல்லாம் சரி, ஒன்று கேக்கிறேன். இவ்வளவும் எதுக்கு? ஒன்றரை லட்சத்துக்கு நல்ல போன் ஒன்று வாங்கினா தண்ணியில விழுந்தாலும் தாங்கும், ராத்திரிப் படமும் எடுக்கும், எடுத்த கையோட வட்ஸ்அப்பிலயும் போடலாம். 2022ல டொலர் 200லிருந்து 360க்கு ஏறின பிறகு கமரா வாங்கிறதே வீண் ஆசை. பழைய கமராவுக்கெல்லாம் இப்ப பெடியள் ஃபேஷன் என்று விலை ஏத்திட்டாங்க.


கொழுந்துக்கூடை | ஞாயிறு, காலை 9.02

நிஷாந்தன், நீங்க சொன்னதுல முக்கால்வாசி சரி. நானும் பாடசாலைப் படத்தில பாதியை போன்லதான் எடுக்கிறேன்.

ஆனா ஒன்று சொல்லுறேன். என் போன்ல அம்மாவை எடுத்தா அது அம்மா இல்லை. கன்னத்தை மெழுகிடுது, நெற்றிச் சுருக்கத்தைக் காணோம், நிறத்தை ரெண்டு படி வெளுக்க வைக்குது. அழகாக்கிற வசதி எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்தேன், அப்பவும் கொஞ்சம் செய்யுது. மழையிலயும் வெயிலிலயும் நின்ற முகம் அது. அதை வெளுப்பாக்கச் சொல்லி யார் கேட்டா? கமராவில ரோவில (கமரா மெருகு போடாம அப்படியே சேமிக்கிற கோப்பு) எடுத்தா இருக்கிறது இருக்கிறபடி வருது. என் ஒன்றரை லட்சம் அதுக்குத்தான். (என் காசு இல்லைதான், மச்சானுடையது.)

ஸ்டூடியோ ஐயா, நீங்க சொன்ன மெனு இருந்துச்சு. மூன்றாம் பக்கத்தில ஒளிஞ்சுகொண்டிருந்துச்சு. மத்தியானம் மலைக்குப் போய்ப் பார்க்கிறேன்.


அப்புத்தளை மிஸ் | ஞாயிறு, பகல் 1.45

நான் வேற ஒரு பக்கத்திலிருந்து பேசுறேன், யாரும் கோவிக்க வேணாம்.

எங்க தோட்டம் லிப்டன் சீட் போற பாதையில இருக்கு. சீசனுக்கு வெள்ளைக்காரரும் கொழும்பாரும் வேன் வேனா வருவாங்க. வேனை நிப்பாட்டி, கொழுந்து எடுக்கிறவங்களைக் கூப்பிட்டு, கூடையைத் தலையில மாட்டச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுப்பாங்க. எங்கம்மா ஒரு நாள் சொன்னாங்க, "அந்த மிஷின் முகத்தை மறைச்சுக்கொண்டுதான் எல்லாரும் கதைக்கிறாங்க" என்று. பெரிய கமராவைத் தூக்கினா எடுக்கிறவருடைய முகமே தெரியாது. எதிரில நிக்கிறவங்களுக்கு ஒரு கறுப்புக் குழாயைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

மடக்கிற திரை உள்ள சின்னக் கமராவில எனக்குப் பிடிச்சது அதுதான். இடுப்பளவில வச்சுக்கொண்டு குனிஞ்சு ஒரு பார்வை, நிமிர்ந்து ஒரு பார்வை. கதைச்சுக்கொண்டே எடுக்கலாம். தங்கச்சியின் கமராவில நான் எடுத்த ஒரே நல்ல படம் அப்படி எடுத்ததுதான். சின்னம்மா மாமியைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டு இருந்தாங்க, படத்திலயும் அந்தக் கோள் தெரியுது.


கொட்டகலைக் குட்டி | ஞாயிறு, பகல் 2.10

மிஸ், தொட்டா சத்தமில்லாம எடுக்கிற வசதியும் இருக்கே. இடுப்பில வச்சுத் தொட்டா யாருக்கும் தெரியாது. இயல்பா வரும்ல?


அப்புத்தளை மிஸ் | ஞாயிறு, பகல் 2.26

தம்பி, அதைத்தான் செய்யாதீங்க என்கிறேன். தெரியாம எடுக்கிறது இயல்பு இல்லை, களவு. மலையில நிக்கிறவங்க உடுப்பு நனைஞ்சு, படங்கு கட்டி, வெத்திலை வாயோட இருப்பாங்க. அந்தக் கோலம் ஊருக்குப் போகலாமா வேணாமா என்று அவங்கதான் சொல்லணும். முதல்ல கேளுங்க, பிறகு ஒரு கால்மணி நேரம் நில்லுங்க. அவங்களே உங்களை மறந்துருவாங்க. அப்ப வாறதுதான் இயல்பு.


நானுஓயா நிஷாந்தன் | ஞாயிறு, பகல் 3.00

இதை மட்டும் ஒத்துக்கிறேன் மிஸ்.


டீமேக்கர் | ஞாயிறு, இரவு 9.40

யாரும் பூஞ்சணத்தைப் பற்றிப் பேசல்ல. மலைநாட்டில கமரா சாகிறது மழையால இல்லை, அலுமாரியால. நான் ஒரு லென்ஸை அலுமாரியில, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில ஒரு மழைக்காலம் முழுக்கப் பத்திரமா வச்சிருந்தேன். எடுத்துப் பார்த்தா உள்ள சிலந்தி வலை மாதிரி. துடைச்சுக் குடுத்தவர் கண்ணாடியின் பூச்சையும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கு என்றார்.

பேக்டரி ஆள் என்பதால ஈரம் பற்றி எனக்குத் தெரியும். தேயிலையை ட்ரையரில 3 சதவீத ஈரம் வரைக்கும் இறக்குவோம். பெட்டியைச் சும்மா திறந்து வச்சா நம்ம காத்திலிருந்தே திரும்ப உறிஞ்சிக்கும். அதையேதான் சிலிக்கா ஜெல்லும் செய்யுது. ரப்பர் விளிம்பு போட்ட சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, உள்ள நாலு சிலிக்கா பை, ஒரு சின்ன ஈரமானி. ஊசி 40க்கும் 50க்கும் நடுவில நின்றா நிம்மதி. நீல மணி ரோஸ் நிறமாயிட்டா ஈரம் குடிச்சு முடிஞ்சது என்று அர்த்தம், லேசா சூடாக்கினா திரும்ப நீலமாகும். அரிசிக்குள்ள புதைக்கச் சொல்லுற அறிவுரையை ஆத்தில போடுங்க. அரிசித் தூசி லென்ஸ் குழாய்க்குள்ள போகும்.

குழாய் என்றதும் ஞாபகம். நீளுற லென்ஸ் சைக்கிள் பம்ப் மாதிரி. நீளும்போது வெளிக் காத்தை உள்ள இழுக்கும். மூட்டத்தில இருபது தரம் நீட்டி மடக்கினா இருபது தரம் மூட்டத்தைக் குடிச்ச மாதிரி. அடிக்கடி அணைச்சு அணைச்சுப் போடாதீங்க.

எங்க பேக்டரியைப் படமெடுக்க வாறவங்களுக்கு நான் சொல்லுற முதல் விஷயம், வெளிக் குளிரிலிருந்து நேரா ட்ரையர் பக்கம் போகாதீங்க. குளிர்ந்த கமரா மேல சூடான ஈரக் காத்து பட்டா குளிர்த் தண்ணிப் போத்தல் வேர்க்கிற மாதிரி உள்ளயும் வெளியயும் வேர்க்கும். பொலித்தீன் பையில இறுக்கி மூடிக் கொண்டுபோய், அரை மணி நேரம் அப்படியே வச்சு, பிறகு திறக்கணும். அந்த அரை மணி நேரத்துக்கு எங்க கென்டீனில நல்ல பிளேன்டீ இருக்கு.


பழைய ஸ்டூடியோ | திங்கள், காலை 6.15

டீமேக்கர் தம்பியின் பெட்டி யோசனைக்கு ஒரு கும்பிடு. பாவித்த கமரா வாங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்: லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வலை இருந்தால் வேண்டாம். வெள்ளை வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சர்த் தூசி புள்ளியாகத் தெரியும். தொடுதிரையில் விரலை எடுக்காமல் ஃபோகஸ் சதுரத்தை நான்கு ஓரத்துக்கும் இழுத்துப் பாருங்கள். நடுவில் எங்காவது பிடி விட்டால் அந்த இடம் செத்துவிட்டது. பெட்டரி கொஞ்சம் வீங்கியிருந்தாலும் தொடாதீர்கள்.


கொட்டகலைக் குட்டி | திங்கள், காலை 6.50

ஐயா, ரிக்கோ ஜிஆர்3 எப்படி? அதுதான் என் கனவு.


பழைய ஸ்டூடியோ | திங்கள், காலை 7.30

2019இல் வந்தது. சென்சர் பெரியது, ஏபிஎஸ்-சி அளவு. லென்ஸ் 28 மி.மீ. ஒன்றுதான், ஸூம் கிடையாது, மழைக் காப்பும் கிடையாது. முழு சார்ஜில் 200 படம் என்பதுதான் கம்பெனிக் கணக்கு. ஒற்றைக் கையால் எல்லாம் செய்யலாம், தொடுதிரையும் உண்டு. மலையை எடுக்கலாம், மேடையை எடுக்க முடியாது. கனவு என்றால் காணுங்கள் தம்பி, பரீட்சைக்குப் பிறகு.


கொழுந்துக்கூடை | செவ்வாய், இரவு 9.15

நேற்று பாடசாலை விட்டு நேரா மலைக்குப் போனேன். தொங்கல் மலை, மூட்டம் முழங்காலுக்கு. ஸ்டூடியோ ஐயா சொன்னபடி ஒளி அளக்கிற புள்ளியை ஃபோகஸோட சேர்த்திருந்தேன். அம்மா முகத்தைத் தொட்டேன். பின்னால மலையே இல்லை, எல்லாம் வெள்ளை. ஆனா முகம் முழுசா வந்திருக்கு, காதுத்தோட்டில நின்ற ஒரு சொட்டுத் தண்ணியோட. மிஸ் சொன்ன மாதிரி திரையை மடக்கி வச்சு, கங்காணி ஐயா எந்த மலைக்கு எத்தனை பேரை அனுப்பினார் என்று கதைச்சுக்கொண்டே எடுத்தேன்.

அப்புறம் ஒரு சங்கதி. எடுத்த படத்தைக் காட்டினேன். அடுத்த படத்தைப் பார்க்க அம்மா விரலால தள்ளினாங்க. திரை அசையல்ல. திரும்பத் தள்ளினாங்க, அப்பவும் இல்லை. நான் தள்ளினா போகுது. அவங்க பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ச்சுப்போய், கறை ஏறி, மரம் மாதிரி ஆயிருச்சு. அந்தத் தோலுக்கு மேல திரைக்கு ஒன்றும் தெரியல்ல. மழைச் சொட்டையெல்லாம் விரல் என்று நம்பின திரை இது.

அம்மா சிரிச்சுட்டு, "உன் கமராவுக்கு என்னைத் தெரியல்லடா" என்று சொல்லிப் பட்டன் இருக்கா என்று கேட்டாங்க. இருந்துச்சு. அதை அமுக்கித்தான் மிச்சப் படத்தையெல்லாம் பார்த்தாங்க.


அப்புத்தளை மிஸ் | செவ்வாய், இரவு 9.48

எங்கம்மா போனைச் சுண்டுவிரலாலதான் தொடுவாங்க. ஏன் அப்படி என்று இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது சேர்.


நானுஓயா நிஷாந்தன் | செவ்வாய், இரவு 10.20

அப்பாவும் அப்படித்தான், கவ்வாத்து வெட்டுற கை. திரையில எச்சி தொட்டு வைப்பார், நாங்க ஏசுவோம். இனி ஏச மாட்டேன்.


டீமேக்கர் | புதன், காலை 5.50

ஈரம் பட்டா காய்ச்ச தோலும் கடத்தும், அதுதான் எச்சி வேலை செய்யுது. அப்பாவுக்கு ஒரு ஈரத்துணியை வாங்கிக் குடுங்க தம்பி, எச்சி வேணாம்.


கொழுந்துக்கூடை | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, காலை 10.30

காமன் கூத்து முடிஞ்சது. கடைசி ராத்திரி, காமன் எரிகிற ராத்திரிக்குத்தான் கமராவோட போனேன். கேட்டவங்களுக்காகக் கணக்கோட எழுதுறேன்.

வெளிச்சம்: ரெண்டு டியூப் லைட், மூன்று தீப்பந்தம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, எஃப் (லென்ஸ் திறப்பு, எண் கூடினா வெளிச்சம் குறையும்) 1.8, ஷட்டர் ஒரு செக்கனில 125ல் ஒரு பங்கு. ரதி அழுகிற இடத்தில நல்லா வந்திருக்கு, அரிதாரத்துக்கு மேல கண்ணீர் ஓடின கோடு கூடத் தெரியுது. வீரபத்திரர் குதிக்கத் தொடங்கினதும் 125 போதல்ல, கை ரெண்டும் புகையாத்தான் வந்திருக்கு. எனக்கு அது பிடிச்சிருக்கு, வேற ஆளுக்குப் பிடிக்காது. ஸூமை இழுத்தா எஃப் 2.8க்கு இறங்குது, படத்தில மணல் மணலா ஏறிடுது. அதனால கிட்டப் போய்த்தான் எடுத்தேன், தப்புச் சத்தத்தில இன்னும் காது அடைச்சிருக்கு.

தொடுதிரை ராத்திரியில நல்லா உதவினது. இருட்டில பட்டன் தேடத் தேவையில்லை, பந்தத்துக்குப் பக்கத்து முகத்தைத் தொட்டா சரி. ஆனா திரை வெளிச்சம் பக்கத்தில நின்ற பெரியவர் கண்ணுல அடிச்சு, நல்லா ஏச்சு வாங்கினேன். வெளிச்சத்தைக் கடைசி மட்டத்துக்குக் குறைச்சு வையுங்க.

பெட்டரிதான் காலை வாரினது. வியூஃபைண்டர் இல்லாத கமராவில திரை எந்நேரமும் எரிஞ்சுகொண்டே இருக்கணும், அதோட அந்தக் குளிர். இன்னொன்று வாங்கி உள் பையில, உடம்புச் சூட்டில வச்சிருக்கணும் என்று எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாங்கல்ல. சிவன் நெற்றிக் கண்ணைத் திறக்க வந்தப்ப கமரா கண்ணை மூடிருச்சு. காமன் எரிஞ்சதை போன்லதான் எடுத்தேன். நிஷாந்தன், சிரிக்க வேணாம்.


நானுஓயா நிஷாந்தன் | ஞாயிறு, காலை 10.41

சிரிக்கல்ல. அந்தப் படத்தையும் போடுங்க.


கொட்டகலைக் குட்டி | ஞாயிறு, காலை 10.44

செருப்புப் படமும் இன்னும் வரல்ல சேர்


பழைய ஸ்டூடியோ | ஞாயிறு, பகல் 12.05

ஆசிரியரே, பெட்டரியின் நம்பரைத் தனித் தகவலில் அனுப்புங்கள். புதன்கிழமை மகன் கொழும்பு போகிறான். இரண்டாக வாங்கி வரச் சொல்கிறேன், சனிக்கிழமை ஹட்டன் டவுனுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கமராவையும் கொண்டுவாருங்கள், லென்ஸுக்குள் ஒரு தடவை டோர்ச் அடித்துப் பார்ப்போம்.